பொட்டலம் பொட்டலமாக

மலையடிவார ஊர் ஒன்றின் மருத்துவமனையில் கணினி வலையைக் காப்பவர் நிலோபர். அவரிடம் தொழில் கற்க வந்தவர் சடகோபன். மின்பிரிவிலிருந்து மாற்றலாகி வந்தவர். நிலோபரைவிடப் பதினெட்டு வயது மூத்தவர்.

போன மாதம் சடகோபனின் பொறுப்பில் வலை இருந்த ஒரு நாள் கணினி வைரஸ் ஒன்று உள்ளே புகுந்தது. மூன்று நாள் ரத்தப் பரிசோதனை எதுவும் நடக்கவில்லை. அதன்பிறகு அவரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, யாரிடமும் கேட்காமல், வலைக்குள் வருவதைச் சோதித்து விடும் காவலான ஃபயர்வாலின் அமைப்பை மாற்றினார். வலையில் தகவல் சிறுசிறு பொட்டலங்களாகத்தான் வரும். அதுவரை ஃபயர்வால் முதல் பொட்டலத்தைச் சோதித்து, யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதை நினைவில் வைத்து, அந்தப் பேச்சைத் தொடர விட்டது. இப்போது ஒவ்வொரு பொட்டலத்தையும் புதிதாக நிறுத்தி, யார் அனுப்பியது என்று மட்டும் பார்த்தது. முன்னால் போனது எதுவும் அதற்கு நினைவில்லை.

பத்தேகாலுக்குக் குழந்தைகள் வார்டிலிருந்து போன். பிறந்து இரண்டே நாளான குழந்தையின் இதய ஸ்கேனை மதுரை டாக்டர் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு அறுந்துவிட்டது. இங்கிருந்து கேள்வி போனது. அங்கிருந்து வந்த பதிலை, யாரோ அந்நியர் என்று ஃபயர்வால் தள்ளிவிட்டது.

நிலோபர் ஓடிவந்து பழையபடி மாற்றினார். அதற்குள் ஆறு நிமிடம் போயிருந்தது. மதுரை டாக்டர் சொன்ன மருந்து ஏறிய பிறகுதான் குழந்தையின் உடலில் படர்ந்திருந்த நீலம் வடிந்தது.

சடகோபன் நின்றுகொண்டே இருந்தார். கைகளை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"ஏன் சார் மாத்தினீங்க?"

"ஆரம்பம் நல்லா இருந்து, நடுவுல கெட்டது வந்தா என்ன மேடம் பண்றது? ஒவ்வொண்ணையும் நிறுத்திப் பாத்தாத்தானே நிம்மதி?"

நிலோபர் நாற்காலியை இழுத்து அவர் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"வைரஸ் வந்த அன்னைக்கு என்ன நடந்துச்சு, சொல்லுங்க."

"அன்னைக்கு நான்..."

"நீங்க யாரு?"

"சடகோபன். அன்னைக்கு நான் சாப்பிட..."

"நீங்க யாரு?"

"சடகோபன், மேடம். சாப்பிட்டு வந்து பாத்தா..."

"நீங்க யாரு?"

"என்ன மேடம் இது!" அவர் குரல் உடைந்தது. "ஒரு மாசமா தூக்கமில்லாம கிடக்கேன். அதைச் சொல்ல விட மாட்டேங்கிறீங்களே!"

"மூணு தடவையும் பேரு சரியாத்தான் இருந்துச்சு சார். ஆனா முன்னாடி சொன்னது ஞாபகம் இல்லாம பேரை மட்டும் கேட்டுக்கிட்டிருந்தா, நடுவுல நீங்க பொய்யே சொல்லியிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது."