போனில் விழாத நிலா

பௌர்ணமி மாதாமாதம் வருகிறது. அதற்காக யாரும் மெனக்கெட்டு எங்கள் மடத்துப் பாறைமேல் ஏறி உட்காருவதில்லை. இந்தத் தடவை நிலா பூமிக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது, எப்போதையும்விடப் பெரிதாகத் தெரியும் என்று பேப்பரில் போட்டுவிட்டான். அவ்வளவுதான், காலையிலிருந்தே நல்லசிவம் ஐயாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

நல்லசிவம் ஐயா ஹெட்மாஸ்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். வயது அறுபத்தாறு. மூன்று வருஷமாக இங்கே சீடர். குரு தவமணி அம்மாவுக்கு வயது நாற்பத்தொன்று. முன்னே நர்ஸாக இருந்தவர். அவர் இவரை “அம்மா” என்பார், இவர் அவரை “ஐயா” என்பார். யாருக்கு யார் குரு என்று புதிதாக வருகிறவர்கள் முழிப்பார்கள். நான் வேலாயுதம், மடத்துக்குச் சமையல். எனக்கு அந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. இரண்டு பேருக்கும் வேளைக்குப் பசிக்கும், அது தெரிந்தால் போதும்.

பொழுது சாய்கிற நேரத்தில் மூன்று பேரும் பாறைமேல் உட்கார்ந்தோம். மேற்கே வெளிச்சம் இன்னும் அடங்கவில்லை. கிழக்கே பனைகளுக்கு நடுவில் அது எழும்பி வந்தது.

அடேயப்பா! நானும் எத்தனையோ நிலா பார்த்தவன்தான். இது வேறு. கல்யாண வீட்டில் சோறு வடிக்கிற தட்டு அளவுக்கு, செக்கச்செவேலென்று, இந்தா வந்துவிட்டேன் என்கிற மாதிரி நின்றது.

ஐயா போனைத் தூக்கிப் பிடித்தார். எடுத்தார், பார்த்தார், அழித்தார். மறுபடி எடுத்தார். எழுந்து நின்று எடுத்தார். மண்டி போட்டு எடுத்தார்.

“வேலாயுதம், இதைப் பாரு. கண்ணுக்கு எவ்வளவு பெருசு! இதுல பாரு, சுண்டைக்காய்.”

பார்த்தேன். சுண்டைக்காய்கூட இல்லை. கறுப்பில் ஒரு வெள்ளைப் பொட்டு.

“விடுங்கய்யா. கண்ணால பார்த்தாச்சுல்ல?”

“உனக்கென்ன. நீ யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை.”

சுருக்கென்றது. உண்மைதான், எனக்கு ஆள் இல்லை.

ஐயா அம்மா பக்கம் திரும்பினார்.

“அம்மா, ஒரு கேள்வி.”

“கேளுங்க.”

“கண்ணுல இவ்வளவு பெருசா நிக்கிறது, போன்ல மட்டும் ஏன் இத்துனூண்டா விழுது?”

“யாருக்கு அனுப்பணும்?”

“நான் கேட்டதுக்கு அது பதில் இல்லையேம்மா.”

“யாருக்கு ஐயா?”

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார்.

“பொற்கொடிக்கு.”

பொற்கொடி அவருடைய ஒரே மகள். மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு நாக்பூர் போய்விட்டாள். ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தீபாவளிக்குத் தீபாவளி அவள் கூப்பிடுவாள். போன் அடித்து அடித்து ஓயும். இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். நானே பார்த்திருக்கிறேன். எடுத்துத் தொலைய வேண்டியதுதானே என்று வாய்வரை வரும்.

“ரெண்டு வார்த்தை எழுதி அனுப்பலாமே,” என்றார் அம்மா.

“என்னத்தைன்னு எழுத? மத்தியானத்துலேர்ந்து நாலு தடவை எழுதி அழிச்சுட்டேன். நிலான்னா ஒண்ணும் எழுத வேண்டாம். படம் போனா போதும்.”

“அவ என்னன்னு புரிஞ்சுக்கணும்?”

ஐயா போனை மடியில் வைத்தார்.

“பார்க்கணும் போல இருக்கும்மா. தினமும்தான் இருக்கு. இன்னைக்கு என்னவோ தாங்க முடியலை.”

அம்மா கேட்டார்.

“கடைசியா அவகிட்ட என்ன சொன்னீங்க?”

“அது வேண்டாம்மா.”

“சொல்லுங்க.”

“என் மூஞ்சியிலேயே முழிக்காதேன்னு சொன்னேன். வாசல்ல நிக்க வெச்சு. அவங்கம்மா முன்னாடி. அவளும் வரலை. கல்யாண விஷயம் ஒண்ணைத் தவிர என் பேச்சைத் தட்டினவ இல்லை அவ.”

அம்மா கையை நீட்டினார். ஐயா போனைக் கொடுத்தார். அம்மாவுக்கு அதில் ஏதோ செட்டிங் தெரியும் போலிருக்கிறது, இனி நிலா பெரிதாக விழும் என்று நானும் எட்டிப் பார்த்தேன்.

அம்மா எழுந்தார். கிழக்கே நாலு எட்டு நடந்தார். நிலாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நின்றார்.

“நிலாவைப் பாருங்க ஐயா.”

“நீங்க மறைச்சுக்கிட்டு நிக்கிறீங்களேம்மா.”

கழுத்தைச் சாய்த்து, அம்மாவின் தோளுக்கு அந்தப் பக்கம் தெரிகிறதா என்று எக்கிப் பார்த்தார் ஐயா. டிக் என்றது. அம்மா விரலால் இரண்டு மூன்று தட்டு தட்டினார்.

“போயிடுச்சு.”

ஐயா ஓடிப்போய் வாங்கிப் பார்த்தார். நிலா இல்லை. இவர்தான் இருந்தார். சவரம் பண்ணாத தாடி, ஒரு பக்கம் இறங்கின கண்ணாடி, நீர் கோத்த கண்.

“என்னம்மா இது! நிலாவே இல்லையே! ஐயோ, அழிச்சிடலாம், அழிக்கிறது ஒண்ணு இருக்குமே, வேலாயுதம், எங்கடா அது?”

போனை என்னிடம் நீட்டினார். எனக்கும் அகப்படவில்லை. அதற்குள் படத்துக்குக் கீழே இருந்த இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டன.

“பார்த்துட்டா,” என்றார் ஐயா. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அவள் டைப் பண்ணுகிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. மறுபடி நின்றது. நிலா பனைக்கு மேலே ஏறி வெளுத்துவிட்டிருந்தது. அதை ஏறிட்டுப் பார்க்க ஒருத்தரும் இல்லை.

போன் சிணுங்கியது. ஐயா அதை என் கையில் திணித்தார்.

“நீ படி. என்னால ஆகாது.”

படித்தேன். “அப்பா, ஏம்ப்பா இப்படி இளைச்சுப் போயிட்டீங்க? தாடி எதுக்கு? அங்கே சாப்பாடு ஒழுங்காப் போடுறாங்களா இல்லையா?”

நன்றாக இருக்கிறது! மூன்று வருஷமாக வேளை தவறாமல் ஆக்கிப் போடுகிறவன் நான். கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் குரல் உடைந்துபோய், முதலிலிருந்து இன்னொரு தடவை படிக்க வேண்டியதாயிற்று.

ஐயா போனை வாங்கித் தானும் படித்தார். பள்ளிக்கூடப் பையன் மாதிரி உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. அப்படியும் மனசு ஆறவில்லை அவருக்கு.

“எல்லாம் சரிதாம்மா. ஆனா இவ்வளவு பெரிய நிலா. இதை அவளுக்குக் காட்ட முடியலையே.”

அம்மா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நிலா நாக்பூர்லயும் இருக்கு ஐயா.”