கிடாய் சுத்திட்டு வரும்

மொக்கையூரில் நாலு சேக்காளிகள்: இருளப்பன், ஒச்சு, செவத்தான், மாயழகு. நாலு பேர் மூளையையும் ஒன்றாகக் கொட்டினாலும் ஒரு சிரட்டை நிறையாது. அவர்களில் பலசாலி இருளப்பன். போன வருஷம் கயிறு இழுக்கும் போட்டியில், பெண்டாட்டி செவனம்மா வளர்த்த கிடாயைப் பந்தயம் வைத்துப் பக்கத்து ஊர்க்காரனிடம் தோற்றவன். இந்த வருஷம் அதே கிடாய்தான் பரிசு.

"கிடாயோட வந்தா வீடு. இல்லாட்டி வெளக்கமாறு" என்று சொல்லிவிட்டாள் செவனம்மா.

இருளப்பன் விடியும்போதே மைதானத்துக்குப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். மத்தியானம் எழுந்தால், ஒரு கால் மரக்கட்டை.

"காலு செத்துப்போச்சுடா!"

ஒச்சு அந்தக் காலை நறுக்கென்று கிள்ளினான். "ஆமா மாப்ள, எனக்கும் வலிக்கல."

முதலுதவிக்கு வந்திருந்த நர்ஸம்மாவுக்குச் சிரிப்பு. "அமுக்கி உக்காந்தா ரத்தம் எப்படி ஓடும், நரம்புதான் என்ன பண்ணும்? ரத்தம் நெஞ்சுலருந்து கெளம்பி, உடம்பு பூரா சுத்திட்டு, ஒரே நிமிஷத்துல கெளம்புன எடத்துக்கே வந்துரும். அதை ஓட விடுங்க. ஒரே எடத்துல இருக்காதீங்க, நடங்க. படுத்தா காலைத் தூக்கி வைங்க. எதையும் இறுக்கிக் கட்டாதீங்க."

"நடக்கவா, படுக்கவா?" செவத்தான் கேட்டான்.

"நர்ஸம்மா ரெண்டும்தானே சொன்னாங்க?" என்றான் மாயழகு. அவன்தான் அந்தக் கூட்டத்தில் அறிவாளி.

எங்கிருந்தோ ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கி வந்தார்கள். இருளப்பன் காலைத் தூக்கிக்கொண்டு படுத்தான். மற்ற மூணு பேரும் கட்டிலைச் சுமந்துகொண்டு நடந்தார்கள். மூணாவது சுற்றில் அவன் துள்ளினான்.

"ஐயோ, காலெல்லாம் ஊசி குத்துதுடா!"

"நர்ஸம்மா ஊசி போடலையேன்னு பாத்தேன். ரத்தமே போட்டுருச்சு" என்றான் ஒச்சு.

போட்டிக்கு நடுவர் விசில் ஊதினார். எதிராளிகள் குதிகாலை ஊன்றி, பல்லைக் கடித்து இழுத்தார்கள். இருளப்பனுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. "டேய், ஒரே எடத்துல இருக்கக் கூடாதுடா! நட!"

நாலு பேரும் முன்னால் ரெண்டு எட்டு வைத்தார்கள். அவ்வளவுதான். எதிராளிகள் அத்தனை பேரும் மல்லாந்து குவியலாக விழுந்தார்கள். கயிறு அவர்கள் கையை விட்டு நழுவிப் போனது. நம்மாட்கள் திரும்பி, அதையும் இழுத்துக்கொண்டு நடையைத் தொடர்ந்தார்கள். நடுவர் தலையில் அடித்துக்கொண்டு கிடாயைக் கொடுத்தார்.

இருளப்பன் கிடாயைக் கட்டிப்பிடித்து அழுதான். அப்போதுதான் அதன் கழுத்தைப் பார்த்தான்.

"அடப்பாவி, இப்படி இறுக்கிக் கட்டிருக்கானே! தலைக்கு ரத்தம் எப்படிப் போகும்?"

அவிழ்த்தான். கிடாய் கண்மாய்க்கரை தாண்டிக் காணாமல் போனது.

"என்னா ஓட்டம் பாத்தியா!" மாயழகு பூரித்தான்.

இருளப்பன் அலறினான். "புடிடா! அவ கொன்னுருவா!"

"எதுக்குப் புடிக்கணும்? கெளம்புனது கெளம்புன எடத்துக்கே வரும். ஒரே நிமிஷம். நர்ஸம்மா சொன்னது மறந்துருச்சா?" என்றான் மாயழகு.

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. கிடாய் கிளம்பிய இடத்தைச் சுற்றி நாலு பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

பொழுது சாய, விளக்கமாற்றோடு செவனம்மா வந்து நின்றாள். "கிடாய் எங்க?"

"சுத்திக்கிட்டிருக்கு" என்றான் இருளப்பன்.

அவள் விளக்கமாற்றை ஓங்கினாள். ஓடலாமென்று பார்த்தால், எட்டுக் காலும் மரக்கட்டை. நாலு பேரும் கையை ஊன்றித் தவழ்ந்து, பக்கத்தில் கிடந்த அந்தக் கட்டிலில் ஏறிப் படுத்து, எட்டுக் காலையும் தூக்கினார்கள்.

"நாங்க காலைத் தூக்கிட்டோம் தாயி" என்றான் இருளப்பன். "நீ கட்டிலைத் தூக்கிட்டு நட!"