குனியா என்ற சொல்லுக்குப் பொருள்

கடலோரத்தில் முத்தங்காடு என்றொரு நாடு முன்னொரு காலத்தில் இருந்தது. அதை ஆண்ட ராஜாவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. யார் முன்னாலும் தலை தாழ்த்தாதவர் என்று சொல்லி, 'வணங்காமுடி' என்ற பட்டத்தைத் தானே சூட்டிக்கொண்டு அதையே பெயராக்கிவிட்டார்.

அந்த வருஷம் மழை ஓய்ந்ததும் உப்பளத் தெருவில் ஒரு காய்ச்சல் புகுந்தது. மூன்று நாள் உடம்பு கொதிக்கும். பிறகு மூட்டுகள் வீங்கும். துறைமுகத்துக்கு வந்த மாலுமிகள் அதைச் 'சிக்குன்குனியா' என்றார்கள். கப்பல் போய்விட்டது. பெயர் கரையில் தங்கிவிட்டது.

"அது என்ன பெயர்?" என்று சபையில் கேட்டார் ராஜா.

ஆஸ்தானப் பண்டிதர் சொற்குன்றனார் முந்திக்கொண்டார். வெளிநாட்டுக் கப்பல் வந்தால் ராஜா தன்னை விட்டுவிட்டு, மொழிபெயர்க்கும் துபாஷி மீரானைக் கூப்பிடுவதில் அவருக்கு வெகுநாள் எரிச்சல்.

"தமிழ்ச் சொல்தான் அரசே. சிக்குதல் என்றால் அகப்படுதல். குனியா என்றால் குனியாத. குனியாதவர்களைப் பிடிக்கிற நோய். தங்களை மனதார வணங்காதவர் யார் யார் என்று காய்ச்சலே காட்டிக்கொடுக்கிறது."

ராஜாவுக்கு விளக்கம் இனித்தது. "அப்படியானால் காய்ச்சல் கண்ட திமிர்க்காரர்கள் அத்தனை பேரையும் நாளை மறுநாள் கழிமுகத்துக்கு அப்பால் கொண்டுபோய் விடுங்கள்."

மீரான் எழுந்தார். அவர் வீடும் உப்பளத் தெருவில்தான். மனைவி சுலைகா நான்கு நாளாகப் பாயில் கிடந்தாள். தண்ணீர்க் குவளையைப் பிடிக்கக்கூட அவளுக்கு விரல் மடங்கவில்லை. கழிமுகத்துக்கு அப்பால் குடிக்கிற தண்ணீரே கிடையாது.

"அரசே, அது தமிழ்ச் சொல் இல்லை. மேலைக்கடல் தாண்டி மக்கொண்டே என்ற மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சில் அதற்கு 'ஆளை வளைத்துப் போடுவது' என்று பொருள். இந்த மாதிரிக் காய்ச்சலை அரபு வணிகர்கள் 'முழங்காலின் தகப்பன்' என்பார்கள். எங்கள் தெருப் பெண்கள் முடக்குக் காய்ச்சல் என்கிறார்கள். எல்லாரும் சொல்வது ஒன்றைத்தான். குனியாதவனைப் பிடிக்கிற நோய் இல்லை இது. பிடித்தவனைக் குனிய வைக்கிற நோய்."

"மிளகு விலை பேசுகிறவரிடம் நான் இலக்கணம் படிக்க வேண்டுமா?" என்று சிரித்தார் பண்டிதர். சிரித்தபடியே மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார். உச்சி வெயிலில் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். மீரான் அதைப் பார்த்துவைத்தார்.

"சாட்சி உண்டா துபாஷியாரே?" என்றார் ராஜா.

"கப்பல் போய்விட்டது அரசே. நாளைக்கு வேறு சாட்சி காட்டுகிறேன்."

"காட்டாவிட்டால் நீரும் அவர்களோடு கழிமுகம் தாண்டலாம்."

மறுநாள் மீரான் ஓர் ஓலையோடு வந்தார். "பண்டிதர் சொன்ன பொருளே இருக்கட்டும். கோட்டை வாசலில் கல்லில் வெட்ட வாசகம் எழுதி வந்திருக்கிறேன். படிக்கலாமா?"

"படியும்."

"'குனியாதவர் எவராயினும் இந்நோய்க்கு உரியவர், நாட்டை விட்டு நீக்கப்படுவார். இப்படிக்கு, வணங்காமுடி மகாராஜா.'"

சபையில் யாரோ இருமினார்கள். ராஜா கடைசி வரியை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு பண்டிதர் பக்கம் திரும்பினார்.

"வணங்கா என்றால் என்ன பண்டிதரே?"

"வணங்காத, அரசே."

"குனியா என்றால்?"

பண்டிதருக்கு வேர்த்தது. "குனி... யாத."

"இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"தங்களிடம் இருந்தால் அது பெருமை. குடிமக்களிடம் இருந்தால் திமிர்."

"காய்ச்சலுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?" என்றார் மீரான். "தெரியாவிட்டால் அது முதலில் அரண்மனைக்குத்தான் வரும்."

ராஜாவின் முகம் சிவந்தது. "சொற்குன்றனாரே, என்னையே நாடு கடத்தப் பார்த்தீரா?"

பண்டிதர் பதறிப்போய் ராஜாவின் காலைத் தொடக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"சரி, மன்னித்தோம். எழும்."

எழவில்லை.

"எழும் என்றேனே."

"முடியவில்லை அரசே. இடுப்பும் முட்டியும் பிடித்துக்கொண்டன. நான்கு நாளாகவே காய்ச்சல்."

"சாட்சி வந்துவிட்டது," என்றார் மீரான். "ஒரு நாளைக்கு நாற்பது தடவை தங்கள் முன்னால் குனிகிறவர் இவர். இவரையே பிடித்திருக்கிறது. மாலுமிகள் சொன்ன பெயரின் பொருள் இதோ தங்கள் முன்னால் நிற்கிறது."

"நிற்கிறது என்று சொல்ல முடியாது," என்றார் ராஜா. அடக்கிப் பார்த்தும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆணை அங்கேயே ரத்தானது. என்ன வேண்டும் என்று ராஜா கேட்டார். காய்ச்சல் ஓயும்வரை உப்பளத் தெருவுக்கு நல்ல தண்ணீரும் கஞ்சியும் வேண்டும் என்றார் மீரான். ராஜா அதைக் கொடுத்தார். பிறமொழிச் சொல்லுக்குப் பொருள் சொல்லும் பதவியையும் சேர்த்துக் கொடுத்தார். பண்டிதர் குணமாகும்வரை அதே தெருவில் இருக்க வேண்டும் என்று தீர்ப்பானது.

அவருக்கு நிமிர நான்கு மாதம் பிடித்தது. அதற்குள் சுலைகா எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தாள். பண்டிதர் தினமும் கூன் போட்டபடி கஞ்சிக்குப் போவார். எதிரில் வருகிறவர்கள் தங்களுக்குத்தான் வணக்கம் என்று நினைத்துப் பதில் வணக்கம் சொல்வார்கள்.

ஒருநாள் கஞ்சி ஊற்றும்போது சுலைகா கேட்டாள்: "பண்டிதரே, சிக்குன்குனியாவுக்கு என்ன பொருள்?"

"உன் வீட்டுக்காரரைக் கேளம்மா," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.