பொடி எழுத்து

"டீச்சரக்கா, இந்த மூணுல எதை வாங்கட்டும்? கையில இருக்கிற காசு ஒண்ணுக்குத்தான் வரும். தப்பா வாங்கிட்டா அவ்வளவுதான்."

வீட்டிலேயே படிப்பதற்கான புத்தகங்கள் அடங்கிய பாடப்பெட்டி விற்கும் மூன்று கம்பெனிகளின் விலைப்பட்டியல்களையும் மேசைமேல் விரித்தாள் செண்பகவல்லி.

டீச்சரக்கா எந்தப் பள்ளியிலும் டீச்சராக இருந்ததில்லை. தன் இரண்டு பிள்ளைகளையும் வீட்டிலேயே படிக்கவைத்ததால் தெருவே வைத்த பெயர் அது. அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

செண்பகவல்லியின் மகள் நிலவழகிக்கு ஒன்பது வயது. "இவளுக்கு வாசிக்கவே வராது" என்று பள்ளியில் கைவிரித்தார்கள். "நான் சொல்லித்தரேன்" என்று வீம்பாகக் கூட்டிவந்துவிட்டாள் இவள். ஜூன் மாதத்துக்குள் பிள்ளை வாசிக்காவிட்டால் திரும்பவும் அதே பள்ளிதான் என்று கணவர் சொல்லிவிட்டார்.

"பாடம் ஆரம்பிச்சாச்சா?"

"எங்கக்கா? மூணு மாசமா இதைத்தான் புரட்டிட்டிருக்கேன். நல்ல பெட்டியா வரட்டும், அப்புறம் ஆரம்பிக்கலாம்னு."

"சரி, ஒண்ணை வாசி. என் கை ஈரம்."

"'ஒரு வருடப் பாடம், ஒரே பெட்டியில்!' விலையும் கட்டுப்படியாகுது. பேசாம இதையே..."

"அம்மா, அதுல கணக்குப் புத்தகம் கிடையாதும்மா."

தரையில் புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்த நிலவழகிதான். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"பெரியவங்க பேசறப்ப சும்மா இரு."

"கீழே பொடி எழுத்துல போட்டிருக்கும்மா."

தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

டீச்சரக்கா ஈரக் கையோடு விலைப்பட்டியலை எடுத்து நிலவழகியின் முன்னால் வைத்தார்.

"கணக்குப் புத்தகம்... தனியே வாங்க வேண்டும். உப... உபக... உபகரணங்கள் தனி. விற்ற பெட்டி திரும்பப் பெறப்படாது."

செண்பகவல்லி மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யாருடி உனக்குச் சொல்லிக்கொடுத்தா?"

"யாரும் இல்ல. நீ தினம் இதைப் பாத்துப் பாத்து அழறியே, அப்படி என்னதான் போட்டிருக்குன்னு எழுத்துக் கூட்டிக் கூட்டிப் பாத்தேன்."

செண்பகவல்லி கைபேசியை எடுத்துக் கணவரை அழைத்தாள். மகளின் வாயருகே பிடித்தாள். நிலவழகி அதே வரிகளை மறுபடி வாசித்தாள். இந்தத் தடவை 'உபகரணங்கள்' என்ற சொல்லில் தடுமாறவில்லை.

"இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லு" என்றார் கணவர்.

செண்பகவல்லி சிரித்தாள், அழுதாள், மகளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். ஒன்பது வயதுப் பிள்ளையைத் தூக்குகிற இடுப்பா அது? அன்றைக்குத் தூக்கியது.

"இப்பவாவது சொல்லுங்கக்கா," என்றாள் மூச்சு வாங்க. "எதை வாங்கி ஆரம்பிக்கட்டும்?"

டீச்சரக்கா ஒரு பிடி தேங்காய்த் துருவலை அள்ளி நிலவழகியின் கையில் வைத்தார்.

"ஆரம்பிச்சு மூணு மாசமாச்சே."