இயற்கையைத் தேடிய குளச் சங்கம்

காட்டோரக் குளத்தில் ஒரு தவளை இருந்தது. அதற்கு ஒரு பட்டாளம் தலைப்பிரட்டைக் குஞ்சுகள். ஒன்றுக்கும் இன்னும் கால் முளைக்கவில்லை. தண்ணீர் வற்றினால் அத்தனையும் செத்துப்போகும்.

தண்ணீரோ வற்றிக்கொண்டே வந்தது! கரையில் ஒரு ஓட்டை. தவளை அதைப் பார்த்துவிட்டது. நேரே குளப் பாதுகாப்புச் சங்கத்துக்கு ஓடியது.

சங்கம் என்றால் லேசுப்பட்டதா? எருமைதான் தலைவர். கொக்கு செயலாளர். மற்றவை எல்லாம் கைதட்டுவதற்கு.

"தலைவரே, கரையில ஓட்டை! சீக்கிரம் அடைக்கணும்!"

"பொறும்மா," என்றது கொக்கு. "ஓட்டை அடைக்கிறதெல்லாம் பழைய திட்டம். இனிமே இயற்கைகிட்ட கத்துக்கப்போறோம். இதுதான் சங்கத்தோட புது வழி!"

படபடவென்று கைதட்டல். எருமை மட்டும் காதை ஆட்டி யோசித்தது.

"செயலாளரே, அந்த இயற்கை யாரு? எங்க குடியிருக்காரு?"

கொக்குக்கே அது தெரியாது. தெரியாது என்றால் மானம் போய்விடுமே! "மலைப் பக்கம்னு கேள்வி," என்று அடித்துவிட்டது.

உடனே மாலை கட்டி வைத்தார்கள், வரவேற்கத்தான்! முயல் மலைக்கு ஓடியது. "வெறும் மரமும் பாறையும்தான் இருக்கு. இயற்கையைக் காணோம்!" என்று திரும்பி வந்தது. நீர்நாய் ஆற்றுக்குப் போனது. "மீன்தான் இருந்துச்சு. தின்னுட்டு வந்துட்டேன்." குரங்கு நகரத்துக்கே போய்விட்டது. "அவரு படத்தைச் சுவரெல்லாம் வரைஞ்சு வெச்சிருக்காங்க. ஆளைத்தான் காணோம்!"

அதற்குள் குளம் குட்டையாகிவிட்டது. குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து துடித்தன. தவளைக்குப் பொறுமை போய்விட்டது.

"யோவ் தலைவரே!" என்று கத்தியது. "நீங்க தினமும் சேத்துல புரண்டப்போ கரை மண்ணு இறுகி கெட்டியா இருந்துச்சு. தலைவரானதும் மேட்டுல ஏறி உட்கார்ந்துட்டீங்க. கரை காஞ்சு வெடிச்சுப்போச்சு! சேத்துல புரள்றது உங்க இயற்கையாச்சே! அதைப்போய் விட்டுட்டீங்களே!"

"என்ன சொன்னே? என் இயற்கையா?" எருமை எழுந்து நின்றது. "எனக்குன்னு ஒண்ணு இருக்கா?"

"பொறந்ததுல இருந்து இருக்கு!"

"அடக் கடவுளே! கூடவே வெச்சுக்கிட்டா ஊரெல்லாம் தேடினோம்?"

மாலையை எடுத்துத் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டது எருமை. ஓடிப்போய் ஓட்டையில் தொப்பென்று விழுந்தது. புரண்டது, உருண்டது, மிதித்தது. களிமண் குழைந்து ஓட்டையில் அப்பிக்கொண்டது. தண்ணீர் நின்றது!

"பாத்தீங்களா? நம்ம புதுத் திட்டம் வெற்றி!" என்று கொக்கு கூவியது. மறுபடியும் கைதட்டல். "தலைவரே, மேட்டுக்கு வந்து நாலு வார்த்தை பேசுங்க!"

எருமை தவளையைப் பார்த்தது. கரையோரம் காய்ந்து கிடந்த குஞ்சுகளின் பக்கத்தில் அது அழுதுகொண்டிருந்தது. மிச்சக் குஞ்சுகள் கலங்கல் தண்ணீரில் நீந்திக்கொண்டிருந்தன.

"நான் வரலை," என்றது எருமை. "எனக்கு இங்க வேலை இருக்கு."

புது வழியைத் தேடி ஊரெல்லாம் அலைவதற்கு முன்னால், நாம் செய்யவேண்டிய வேலையை நாமே கைவிட்டுவிட்டோமா என்று பார்க்கவேண்டும்.