திருப்பி வைத்த அட்டைகள்

"நேசம்மாவா? அது கத்திரிக்காய் வாங்கவும் ஜெபம் பண்ணும். ஆமென் சொல்றதுக்குள்ள காய் முத்திப்போகும்."

கோயில் வாசலில் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு பெண்கள் சிரித்தார்கள்.

தூணுக்கு அந்தப் பக்கம் குனிந்து தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள் நேசபாய். ஐம்பது வயதுக்காரி. செருப்பு கிடைத்துவிட்டது. ஆனாலும் அவர்கள் போகும்வரை நிமிரவில்லை.

அன்று ஆராதனையில் அதே சபைப் பெண் ஜெனிபாவின் ஓலை இரண்டாம் முறை வாசிக்கப்பட்டிருந்தது.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மாப்பிள்ளை, பெண் பெயர்களை வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார்கள். அதற்கு அந்தச் சபையில் ஓலை என்று பெயர். வாசித்து முடித்ததும் போதகர் ஐயர் ஒரு மூச்சு நேரம் காத்திருப்பார். யாரும் பேசியதில்லை.

நேசபாயும் பேசவில்லை.

சாப்பிட்டதும் பைக்குள் ஒரு சின்னப் பெட்டியை வைத்துக்கொண்டு குன்றின் மேலிருந்த ஜெபவீட்டுக்கு ஏறினாள்.

ஜெபவீட்டைப் பார்த்துக்கொண்டவள் சிஸ்டர் பெர்சியாள். நேசபாயைவிட மிகவும் இளையவள். குழப்பம் உள்ளவர்கள் அவளைத் தேடிப் போவார்கள். சிலர் கோபத்தோடு இறங்கி வருவார்கள்.

"சிஸ்டர், ஞானம் கேட்டா கொடுப்பார்னு பிரசங்கம் பண்றீங்க. நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன். எனக்கு மட்டும் வரமாட்டேங்குது."

"எதுக்கெல்லாம் கேட்டீங்க?"

"எல்லாத்துக்கும்தான். நேத்து டவுனுக்குப் போக எந்த பஸ்ல ஏறட்டும்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"கேட்டு முடிக்கிறதுக்குள்ள பஸ்ஸெல்லாம் போயிருச்சு."

பெர்சியாள் சிரிக்கவில்லை. சுளகில் சிறுபயறைக் கொட்டி அவள் பக்கம் தள்ளினாள்.

"ராத்திரி கஞ்சிக்கு. கல் கிடக்கு. பொறுக்கித் தாங்க."

நேசபாய் சுளகை மடியில் வைத்துக்கொண்டாள். விரல்கள் வேகமாக ஓடின. ஒரு கல். இன்னொரு கல். ஜன்னல் வழியாகச் சுண்டி எறிந்தாள்.

பெர்சியாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜெபம் பண்ணாமலே எடுக்கிறீங்களே."

"கல்லுன்னுதான் கண்ணுக்குத் தெரியுதே, சிஸ்டர்."

"சரி."

நேசபாயின் விரல்கள் நின்றன.

"இதுவும் அதுவும் ஒண்ணா? கல்லை எடுத்தா பயறு ஏசாது. மனுஷங்க ஏசுவாங்க."

"எது?"

"என்ன எது?"

"அதுன்னீங்களே. எது?"

நேசபாய் சுளகைக் கீழே வைத்தாள்.

"ஜெனிபாவுக்குப் பார்த்திருக்கிற ரூபன். அவங்க குடும்பமும் நாங்களும் டவுன்ல ஒரே காம்பவுண்டுல இருந்தோம். நடுவுல ஒரே ஒரு சுவர்."

"ம்."

"அவன் அவங்க அம்மாவை அடிப்பான்."

பெர்சியாள் இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள்.

"குடிச்சிட்டு இல்லை. குடிச்சிட்டுன்னா அதையாவது சொல்லிக்கலாம். குழம்புல உப்பு கூடினா அடிப்பான். ஒருநாள் காலையில அந்தம்மா குழாயடிக்கு வந்துது. முகம் ஒரு பக்கம் வீங்கியிருக்கு. என்னம்மான்னு கேட்டேன். படியில தவறி விழுந்துட்டேன்னு சொல்லிச்சு."

"ம்."

"அந்த வீட்டுல படியே கிடையாது, சிஸ்டர்."

வெளியே ஒரு காகம் நேசபாய் எறிந்த கல்லைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது.

"இதைச் சொல்லட்டுமா வேண்டாமான்னு ஆண்டவர்கிட்ட கேட்டேன். தினமும் கேட்டேன்."

அவள் பையிலிருந்து பெட்டியை எடுத்தாள். ரொட்டி வடிவத்தில் பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே வேத வசனம் அச்சிட்ட சின்ன அட்டைகள் நெருக்கமாக நின்றன. கண்ணை மூடி ஒன்றை உருவினால் அன்றைக்கு உரிய வாக்குத்தத்தம்.

"முதல்ல அமர்ந்த தண்ணீர்னு வந்துது. அமைதியா இருன்னு சொல்றாரோன்னு நினைச்சேன். அடுத்த நாள் பயப்படாதேன்னு வந்துது. அப்போ சொல்லணுமோ? மறுநாள் திராட்சத்தோட்டம்னு வந்துது. அதுக்கு என்ன அர்த்தம்னே தெரியலை."

பெர்சியாள் பெட்டியை வாங்கி மேலிருந்து பார்த்தாள்.

"இதுல சில அட்டை தலைகீழா இருக்கே."

நேசபாய் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வந்ததே திரும்ப வந்துடக் கூடாதுன்னு நான்தான் திருப்பி வெப்பேன். விரல் வெச்சாத் தெரியும். அதை விட்டுட்டு வேற எடுப்பேன்."

"வந்ததையெல்லாம் திருப்புவீங்களா?"

நேசபாய் தரையில் கிடந்த ஒரு பயற்றை எடுத்துச் சுளகில் போட்டாள்.

"அமர்ந்த தண்ணீர்?"

"அது நேராத்தான் இருக்கும்."

"பயப்படாதே?"

நேசபாய் ஜன்னலைப் பார்த்தாள்.

பெர்சியாள் அட்டை எதையும் உருவவில்லை. பெட்டியை மூடிக் கீழே வைத்தாள்.

"நீங்க ஆண்டவர்கிட்ட கேட்டீங்க. உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?"

நேசபாய் பெட்டியை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

"ஜெனிபா கேட்டா."

"என்ன கேட்டா?"

"அத்தை, நீங்க அவங்க பக்கத்து வீட்டுல இருந்தீங்களாமே, அவர் எப்படின்னு கேட்டா. தண்ணி பிடிக்க வந்த இடத்துல, யாரும் இல்லாத நேரம் பார்த்து."

"நீங்க?"

"ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேம்மான்னு சொன்னேன்."

"எப்போ?"

"முதல் ஓலைக்கு முந்தின நாள்."

பெர்சியாள் சுளகை எடுத்து மிச்சக் கல்லைத் தானே பொறுக்க ஆரம்பித்தாள்.

நேசபாயின் குரல் உயர்ந்தது.

"உங்களுக்கு என்ன, சிஸ்டர், மேல உட்கார்ந்திருக்கீங்க! அந்தப் பொண்ணை என் பையனுக்குக் கேட்டு அவங்க அப்பா தரமாட்டேன்னுட்டார். சபை முழுக்கத் தெரியும். இப்போ நான் வாயைத் திறந்தா பொறாமைன்னுதானே சொல்வாங்க?"

"சொல்வாங்க."

"உண்மையிலேயே பொறாமையா இருந்துட்டா?"

"கொஞ்சம் இருக்கும்."

நேசபாய் இதை எதிர்பார்க்கவில்லை.

"அப்போ சொல்லக் கூடாதுல்ல?"

"அந்தம்மா முகம் வீங்கினது உங்க பொறாமையாலயா?"

நேசபாய் எழுந்து நின்றாள். பிறகு உட்கார்ந்தாள்.

"சரி. அடுத்த ஞாயிறு மூணாவது ஓலை வாசிக்கும்போது எழுந்து நிக்கிறேன். எல்லார் முன்னாலயும் சொல்லிடறேன்."

"ஜெனிபா எல்லார் முன்னாலயுமா கேட்டா?"

"இல்லை."

பெர்சியாள் ஒரு கல்லை விரல் நுனியில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். எறிந்தாள்.

நேசபாய் மறுபடி எழுந்தாள். இம்முறை உட்காரவில்லை.

"சிஸ்டர், போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஜெபம்..."

"நீங்க போங்க. அதை நான் பார்த்துக்கிறேன்."

ஜெனிபாவின் வீட்டு முற்றத்தில் கல்யாண முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் கொதித்தது. ஜெனிபா மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவள் அப்பா எபனேசர் நாற்காலியில் இருந்து மேற்பார்வை பார்த்தார்.

முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த சித்தி தலை நிமிர்ந்தாள்.

"வாங்க நேசம்மா. எங்க வீட்டு முறுக்கைத் திங்கலாமான்னு கேட்டுட்டு வந்தீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நேசபாயும் லேசாகச் சிரித்தாள். ஆனால் நேராக ஜெனிபாவிடம் போனாள்.

"அன்னைக்குக் குழாயடியில என்கிட்ட ஒண்ணு கேட்டியே. கொஞ்சம் உள்ள வா."

ஜெனிபாவின் கை மாவுக்குள் நின்றது.

எபனேசர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"எதுவா இருந்தாலும் இங்கேயே சொல்லுங்க. எங்க வீட்டுல ரகசியம் கிடையாது."

நேசபாய் ஜெனிபாவைப் பார்த்தாள்.

"சொல்லுங்க அத்தை," என்றாள் ஜெனிபா. "ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்னீங்க."

"ஜெபத்துக்கு முன்னாடியே எனக்குப் பதில் தெரியும். சொல்லப் பயமா இருந்துது."

பிறகு சொன்னாள். சுவரைச் சொன்னாள். உப்பைச் சொன்னாள். வீங்கின முகத்தைச் சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

எண்ணெயில் ஒரு முறுக்குக் கருகியது. யாரும் திருப்பவில்லை.

எபனேசர் எழுந்தார்.

"பொண்ணு தரலைங்கிற வயித்தெரிச்சல்! அதைக் கொட்ட இந்த நேரமா கிடைச்சுது?"

"வருத்தம் இருக்கு அண்ணாச்சி. இல்லைன்னா பொய் சொன்னதாயிடும். அதைக் கழிச்சிட்டே கேளுங்க. சுவர் வழியா நான் கேட்டது மிச்சம் இருக்கும்."

"வெளிய போங்க."

நேசபாய் நகரவில்லை.

"அத்தை," என்றாள் ஜெனிபா, "படியே கிடையாதா?"

"கிடையாது. தரையோட தரையா இருக்கிற வீடு. வாசல்ல ஒரு கல்லுகூட இல்லை. அவங்க இன்னும் அதே வீட்டுலதான் இருக்காங்க."

ஜெனிபா அடுப்பை அணைத்தாள். கையிலிருந்த மாவை வழித்துச் சட்டியில் போட்டாள். வாளித் தண்ணீரில் இரண்டு கையையும் கழுவினாள்.

"அப்பா, நான் அந்தம்மாவைப் பார்த்துட்டு வரேன்."

"எதுக்கு? பைத்தியமா உனக்கு? ரெண்டு ஓலை வாசிச்சாச்சு!"

"மூணாவது இருக்குல்லப்பா."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். சித்தி முறுக்கு உரலைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்துவிட்டாள்.

நேசபாயும் அவளோடு தெருமுனை பஸ் நிறுத்தம்வரை நடந்தாள்.

நிறுத்தத்தில் வெயில் சாய்ந்திருந்தது. பெரிய பாலத்தைச் சுற்றி ஒரு பஸ் போகும். சந்தை வழியாக இன்னொன்று போகும். இரண்டும் டவுனுக்குத்தான்.

"எதுல போறது அத்தை?"

வளைவில் ஒரு பஸ் தெரிந்தது. எந்த வழியாகப் போகும் என்று பலகையைப் படிக்க முடியாத தூரம்.

நேசபாய் ரோட்டில் இறங்கிக் கையைக் காட்டினாள்.