எதிர் நாற்காலி

குரு என்றால் தாடி வேண்டும், மரநிழல் வேண்டும் என்று ஓர் எண்ணம் நம்மிடம் இருக்கிறது. பூங்கோதைக்கு இரண்டும் இல்லை. கோபிசெட்டிபாளையத்தில் ஓர் உரக்கடையின் மேல்மாடியில் மென்பொருள் நிறுவனம் நடத்திவந்தார். தனியார் பேருந்துகளுக்கு இருக்கை முன்பதிவு செய்யும் மென்பொருள். ஒரே இருக்கையில் இரண்டு பேரை உட்காரவைக்காமல் இருப்பதே அதன் தர்மம். சில நாள் தர்மம் தவறும்.

சீடர் அவிநாசியப்பன் குருவைவிட மிகவும் மூத்தவர். கல்லூரியில் கணினித் துறைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்றவர். மகனிடம் தகப்பன் பாடம் கேட்ட கதையே நம்மிடம் இருப்பதால் இதில் வியக்க ஒன்றுமில்லை. குரு சீடரை ‘வாத்தியாரே’ என்றார். சீடர் குருவை ‘அம்மணி’ என்றார். இதற்குத்தான் முன்மாதிரி ஏதும் கிடைக்கவில்லை.

பட்டத்தைப் பார்க்காமல் ஆள் எடுப்பது எப்படி? அதைக் கற்றுக்கொள்ளத்தான் அவர் அங்கே சேர்ந்திருந்தார்.

வழிமுறை எளியது. வேலை கேட்டு வருபவர் ஒரு வாரம் மற்றவர்களோடு உட்கார்ந்து, பழுதான நிரல் ஒன்றைச் சரிசெய்ய வேண்டும். மாலை டீயின்போது ஒவ்வொருவரும் அன்று தான் கெடுத்தது என்ன என்று சொல்லியாக வேண்டும். பூங்கோதையும் சொல்வார். வாரம் முழுக்க ‘நான் ஒன்றும் கெடுக்கவில்லை’ என்றவரை, டீ கொடுத்து, பஸ் காசும் கொடுத்து, மரியாதையாக அனுப்பிவிடுவார்கள்.

அந்த வாரம் வந்தவள் மேகலா. அந்தியூரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். கடையை மூடிவிட்டார்கள். கைப்பேசியில் பாடம் பார்த்து நிரல் எழுதக் கற்றிருந்தாள். இந்த வேலை அமையாவிட்டால் திங்கட்கிழமை முதல் நூல் மில்லுக்குப் போவதாக, மில் வேன்காரரிடம் பெயர் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

முதல் நாள் மாலையே அவள் எழுந்து நின்றாள்.

“நான் ஈரோடு போற பஸ் ஒண்ணை அப்படியே அழிச்சுட்டனுங்க. சோதனைக்கு வெச்சிருந்ததுலதான்.”

“டிரைவரும் போயிட்டாரா?” என்றது ஒரு குரல்.

“அவரு முன்னாடி ஸ்டாப்புலயே எறங்கிட்டாருங்க.”

மாடி சிரித்தது. வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரும் ஒரே குரலில் ‘எடுத்துக்கலாம்’ என்றார்கள். அவிநாசியப்பன் அவளைத் தன் மேசைக்கு அழைத்துப் பேசிவிட்டு முடிவைச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

பேசினார். முடிவைச் சொல்லவில்லை. முகம் தொங்கிப்போய்க் குருவின் அறைக்கு வந்தார்.

“அம்மணி, பொய் சொல்றவங்களை எடுக்கலாமுங்களா?”

“யாருங்க பொய் சொன்னது?”

“மேகலா. பி.சி.ஏ. முடிச்சேன்னு சொன்னாள். எந்தக் காலேஜ்ல தெரியுங்களா? என் காலேஜ்ல. அங்கே அப்படி ஒரு படிப்பே கிடையாது.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“சரிம்மான்னு சொன்னேன். அந்த நேரத்துல வேற ஒண்ணும் வாயில வரலை.”

“படிப்பைப் பத்தி அவகிட்டக் கேட்டீங்களா?”

“கேட்கவே இல்லீங்க! தானா சொன்னாள். அதுதான் எனக்கு விளங்கலை. பஸ்ஸை அழிச்சதை அத்தனை பேர் முன்னால ஒத்துக்கிட்டவள், கேட்காத கேள்விக்கு எதுக்குப் பொய் சொல்லணும்?”

பூங்கோதை எழுந்தார்.

“வாங்க வாத்தியாரே. என்னை இன்டர்வியூ பண்ணுங்க.”

“உங்களையா?”

“ஆமாங்க. அவகிட்டப் பேசின மாதிரியே பேசுங்க. ஒரு சொல்லையும் விட்டுடாதீங்க.”

அவிநாசியப்பன் தன் அறைக்குப் போய் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். பூங்கோதை கதவைத் தட்டினார். ‘வரலாமுங்களா’ என்று கேட்டார். எதிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டார். வாத்தியாருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு ஆரம்பித்தார்.

“வாம்மா. நான் முனைவர் அவிநாசியப்பன். எம்.எஸ்ஸி., எம்.ஃபில்., பிஎச்.டி. முப்பது வருஷம் காலேஜ்ல இருந்தேன். துறைத் தலைவரா ஓய்வு பெற்றேன். என்கிட்டப் படிச்சவங்க இன்னைக்கு அமெரிக்காவுல இருக்காங்க. சரி, அது கிடக்கட்டும். இங்கே நாங்க யாருடைய படிப்பையும் கேட்கறதில்லை. பயப்படாம உன்னைப் பத்திச் சொல்லு.”

பூங்கோதை தலையைக் குனிந்துகொண்டார். விரலால் மேசை விளிம்பைத் தடவினார். 

“நான் பி.ஈ. முடிச்சிருக்கேனுங்க சார்,” என்றார் மெதுவாக. “ஃபர்ஸ்ட் கிளாஸ்.”

அவிநாசியப்பன் உரக்கச் சிரித்தார். பூங்கோதை இரண்டாம் ஆண்டோடு படிப்பை விட்டவர் என்பது அந்த மாடியில் எல்லோருக்கும் தெரியும். ஆயுத பூஜை தவறாமல் அவரே அந்தக் கதையைச் சொல்வார், அதுவும் நடித்துக்காட்டி.

பூங்கோதை சிரிக்கவில்லை. சற்றுப் பொறுத்து வாத்தியாரும் நிறுத்திக்கொண்டார்.

“அம்மணி, நீங்க எதுக்குங்க பொய் சொன்னீங்க?”

“தெரியலீங்க. இந்த நாற்காலியில உக்காந்தா வருது.”

வாத்தியார் தன் மேசையைப் பார்த்தார். பிறகு எதிர் நாற்காலியைப் பார்த்தார்.

“அப்ப அவள் சொன்னது குத்தமில்லைங்கறீங்களா?”

“குத்தந்தான். நான் சொன்னதும் குத்தந்தான். என்னை என்ன பண்ணப் போறீங்க?”

அவர் எழுந்து படியிறங்கிப் போனார்.

மேகலா கீழே படிக்கட்டின் அடியில், உரமூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். பை தோளில் இருந்தது. அவரைப் பார்த்ததும் அவளே முந்திக்கொண்டாள்.

“சார், நான் கிளம்பறனுங்க.”

“எங்கம்மா?”

“வீட்டுக்குங்க. நான் பி.சி.ஏ. படிக்கலைங்க சார். பிளஸ் டூதான். சொன்னது பொய். மனசு கேக்கலை, சொல்லிட்டுப் போலாம்னு நின்னேன்.”

“தெரியும்மா.”

“எப்படிங்க?”

“நான் இருந்த காலேஜ் அது. அங்கே பி.சி.ஏ. கிடையாது. நாங்களே எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தோம். அனுமதி குடுக்கலை.”

மேகலா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“ஊர்ல இருக்கற அத்தனை காலேஜையும் விட்டுட்டு உங்க காலேஜையா சொன்னேன்!” அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. “தெரிஞ்சுட்டே ஏன் சார் சும்மா இருந்தீங்க? அப்பவே கேட்டிருக்கலாமில்லீங்க?”

“கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?”

அவள் யோசித்தாள்.

“வேற காலேஜ் பேரைச் சொல்லியிருப்பனுங்க.” உடனே தலையை ஆட்டினாள். “இல்லீங்க. வேற பேரு வந்திருக்காதுங்க. உங்க காலேஜ் பஸ்ஸு எங்க தெருமுனையிலதான் நிக்கும். பிளஸ் டூ முடிச்சு வீட்டுல இருந்தப்ப தினமும் காலையில பார்ப்பேன். என் கூடப் படிச்ச புள்ள அதுல ஏறுவா. எனக்குக் கை காட்டுவா.”

உரக்கடைக்காரர் ஒரு மூட்டையை நகர்த்த வந்தார். இருவரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

“பையை மேல கொண்டுபோய் வைம்மா,” என்றார் வாத்தியார். “இன்னும் நீ டீ குடிக்கலை. அப்படியே மில் வேன்காரருக்குப் போன் பண்ணி, வரலைன்னு சொல்லிடு.”

அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு படிகளில் ஓடினாள்.

வாத்தியார் மெல்ல ஏறி வந்தார். பூங்கோதை எதிர் நாற்காலியிலிருந்து இன்னும் எழுந்திருக்கவில்லை.

“எடுத்துக்கிட்டோமுங்க,” என்றார் வாத்தியார்.

“சரிங்க.”

அவர் உட்காராமல் நின்றார்.

“அம்மணி, இனிமேல் நான் படிச்சதை யாருகிட்டயும் சொல்லக் கூடாதுங்களா?”

அந்தக் குரலில் துறைத் தலைவர் இல்லை. பூங்கோதையின் முகம் இளகிற்று.

“தாராளமாச் சொல்லுங்க. கஷ்டப்பட்டுப் படிச்சதாச்சே. வர்றவங்க பேசி முடிச்சப்புறம் சொல்லுங்க.”

“நான் வேலை கேட்டு வந்தப்ப எல்லாத்தையும் முதல்லயே சொன்னேனே. அதைக் கேட்டுத்தானே என்னை எடுத்தீங்க?”

“இல்லீங்க. அதை நீங்க சொல்லிக்கிட்டிருந்தப்ப நான் டீயை ஆத்திக்கிட்டிருந்தேன்.”

“அப்ப எதுக்குத்தான் எடுத்தீங்க?”

பூங்கோதை எழுந்து, எதிர் நாற்காலியை மேசையைச் சுற்றிக் கொண்டுபோய் அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டார்.

“கிளம்பறப்போ வாசல்ல நின்னு ஒண்ணு சொன்னீங்க. ‘ரிட்டயர் ஆனதுல இருந்து யாருமே எங்கிட்ட ஒரு சந்தேகமும் கேக்கறதில்லீங்க அம்மணி’ன்னு. அதுக்குங்க.”